சாப்பிட்டவர்கள் தேர்ச்சி பெற்றவர்கள்

எங்கள் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. பருப்பு நன்றாக வெந்திருக்கும், புளி அளவாக இருக்கும், வியாழக்கிழமைகளில் முட்டை உண்டு. ஆடிட் நடக்கும் நாளில் மட்டும் முட்டை போடுகிற பனியன் கம்பெனிகள் திருப்பூரில் சில எனக்குத் தெரியும். எங்களிடம் ஆடிட் இல்லாத வியாழனிலும் முட்டை உண்டு. நடந்தது எல்லாம் அந்தக் கேன்டீனில்தான் தொடங்கியது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். என் பெயர் அருள்செல்வன். வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் மங்கலம், பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம். பதினொரு வருடமாக ஒரே ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜராக இருக்கிறேன். அது என்ன வேலை என்று நேற்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்களில் ஒருவர் கேட்டார். வெளிநாட்டிலிருந்து எங்கள் பனியனை வாங்குகிறவர்களை நாங்கள் பையர் என்போம். தைக்கிறவர்களை ஒழுங்காக வைத்திருக்கிறோமா என்று பார்க்க பையர் ஆள் அனுப்புவார். அந்த ஆள் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரிய வேண்டும். தெரிய வைப்பது என் வேலை.

நான் சேர்ந்தபோது பயிற்சி என்பது ஒரு தடித்த நோட்டு. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது, ஊசி உடைந்தால் யாரிடம் கொடுப்பது, ரசாயனத்தை எப்படிக் கையாள்வது என்று மொத்தம் பதினான்கு பயிற்சிகள். சிலதை வருடத்துக்கு ஒருமுறையும், சிலதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் ஸ்டோர் ரூமில் இரண்டு கிளார்க்குகள் உட்கார்ந்து நான்கு நிறப் பேனாக்களை மாற்றி மாற்றி எல்லோருடைய கையெழுத்தையும் போடுவார்கள். கைநாட்டு வைக்கிறவர்களுக்காக அவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கால் விரலை மையில் தோய்ப்பார். கைவிரல் பத்தும் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். அதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. பொய் என்பதால் வந்த அருவருப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், அந்த அழுக்குக் கால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். முதல் வருடம் உண்மையாகவே வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு தையல் லைனாக நிறுத்தி, நாற்பது நிமிடம், கரும்பலகை வைத்து. மூன்றாம் நாள் முதலாளி சாமியப்பன் ஐயா என்னைக் கூப்பிட்டார். அவர் யாரையும் அதட்டிப் பேச மாட்டார்.

"கண்ணு, கிளாஸ் எடுக்கறது தப்புன்னு நான் சொல்லுலீங்க. நல்ல காரியந்தானுங்க. லைன நிறுத்தாம எடுங்கன்னுதான் சொல்றேன்."

லைனை நிறுத்தாமல் தைக்கிறவர்களுக்கு எப்படி வகுப்பு எடுப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் மரியாதையாகவே ஏதாவது சொல்லியிருப்பார். அவர்கள் எப்போது தைக்காமல் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். மதியம் சாப்பிடும்போது.

கேன்டீன் சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டினோம். சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி வீடியோ ஓடும். கேன்டீன் வாசலில் தட்டு வாங்குவதற்கு விரல் ரேகை வைக்கிற மெஷின் ஏற்கெனவே இருந்தது. அதை நான் புதிதாக எழுதிய சிஸ்டத்தோடு இணைத்தேன். அன்றைக்கு விரல் வைத்துத் தட்டு வாங்கியவர் அன்றைய பயிற்சியில் கலந்துகொண்டவர். பயிற்சி முடிந்ததும் ஐந்து கேள்விக்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்பது விதி. அதையும் சிஸ்டமே எழுதிக்கொள்ளும். எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், பாதிப் பேருக்கு நான்கு விழும்படி வைத்தேன். ஆக, எங்கள் கம்பெனியில் மதியம் சாப்பிட்டவர்கள் எல்லோரும் தேர்ச்சி பெற்றவர்கள்.

டிவிச் சத்தத்தில் பேசிச் சாப்பிட முடியவில்லை என்று புகார்ப் பெட்டியில் சீட்டு விழுந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டோம். தொழிலாளர் புகாரை ஏழு நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது.

மற்றதெல்லாம் தானாக நடந்தது. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்த நிமிடமே அவருக்கு வேண்டிய பயிற்சிகளில் பெயர் பதிவாகிவிடும். கெடுவுக்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரு மெசேஜ், ஏழு நாள் முன்னால் ஒன்று, முந்தின நாள் ஒன்று. முடித்தால் பெயர் பச்சை, நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. சிவப்பான ஆள் மறுநாள் காலை கேட்டில் விரல் வைத்தால் கதவு திறக்காது. கூடவே பையருக்கு ஒரு மெயிலும் போகும். அந்த விதி யாரும் சொல்லி வைத்ததில்லை, நானே வைத்தது. அதில் எனக்குப் பெருமை இருந்தது. கால் விரலில் மை தடவிய கம்பெனியில், கெடு தாண்டினால் மேஸ்திரியும் உள்ளே வர முடியாது என்று ஆக்கினேன். பையர்கள் தங்கள் ஊரில் உட்கார்ந்தபடியே எங்கள் ஸ்கிரீனைப் பார்க்கலாம். ஐயா வரவேற்பறையில் ஒன்றை மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அதில் நூறு சதவீதம் என்று ஒளிரும்போது எனக்குச் சஷ்டிக்குச் சிவன்மலை முருகன் கோயிலுக்கு ஏறி நின்ற மாதிரி இருக்கும். சில நாள் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது காட்டும். அந்த ஒரு புள்ளி எனக்கு நாள் முழுக்கக் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தும்.

இனி ரோஸ்மேரி.

தைக்கும்போது மெஷின் எண்ணெய் பீஸில் பட்டுவிடும். அந்தக் கறை மேல் துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் திரவத்தைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். பேக்கிங் ஹாலை ஒட்டி அதற்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே மூன்று பெண்கள். ரோஸ்மேரி, ராமாயி, பூங்குழலி. ரோஸ்மேரிக்கு நாற்பத்திரண்டு வயது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் இங்கே வந்தவர். கணவர் ராபின் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ரோஸ்மேரி கை வைத்தால் எந்தக் கறையும் போய்விடும் என்று பேக்கிங்கில் சொல்வார்கள்.

அந்தத் திரவத்துக்கு ஒருவித இனிப்பு வாசனை. சுவாசித்தால் கல்லீரலைப் பிடிக்கும். கரி வைத்த முகமூடி போட வேண்டும், காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் ஓட வேண்டும், தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே நிற்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். தலைசுற்றலும் வாந்தியும் வந்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே வேலையை நிறுத்த வேண்டும். இவ்வளவும் எங்கள் வீடியோவில் இருக்கிறது, பதினோராவது நிமிடத்தில் வருகிறது. அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்த ஒரே ஆள் எங்கள் கம்பெனியில் நான்தான்.

அந்த அறையில் ஃபேன் ஓடவில்லை. ஓடினால் வாசனை பேக்கிங் ஹாலுக்கு வருகிறது என்று பையரின் ஆள் மூக்கைப் பொத்தியதால் நிறுத்தி வைத்திருந்தார்கள். முகமூடி துணியில் தைத்தது, நாங்களே தைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறியதாக சிஸ்டமே எழுதிக்கொண்டது.

ரத்தப் பரிசோதனையும் சிஸ்டத்தில்தான். முதல் வருடம் உண்மையாக எடுத்தோம். அதன்பின் அந்த எண்களையே ஒன்றோ இரண்டோ கூட்டிக் குறைத்து சிஸ்டம் புதுப்பித்துக்கொள்ளும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகம் வரும். உயிருள்ள உடம்பு கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும்.

இந்த ஜனவரியில் ஒரு பையர் முரண்டு பிடித்தார். வெளி லேப் ஒன்றைக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தே தீர வேண்டும், லேபின் ரசீதைக் காட்ட வேண்டும் என்றார். எடுத்தோம். ஆடிட் திங்கட்கிழமை. லேபின் மெயில் சனிக்கிழமை மதியம் என் ஒருவனுக்கு மட்டும் வந்தது. ஈரலுக்கான எண் நாற்பதுக்குள் இருக்க வேண்டும். ரோஸ்மேரிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. இவரை உடனே ரசாயன வேலையிலிருந்து மாற்றவும், மருத்துவரிடம் அனுப்பவும், இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கவும் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அதை அப்படியே பதிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரோஸ்மேரி சிவப்பாவார். கதவு திறக்காது. பையருக்கு அந்த நொடியே மெயில் போகும். நானே எழுதிய விதி அது, அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எண்ணை மாற்றினேன். போன தடவை முப்பத்தொன்று இருந்தது. முப்பத்து மூன்று என்று போட்டேன். நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில் இதுதான். சனிக்கிழமை, மூன்று மணி சுமாருக்கு, என் மேஜையில், என் விரலால்.

திங்கட்கிழமை ஸ்கிரீன் நூறு காட்டியது. பையரின் ஆள் தீயணைப்புக் கருவிகளை எண்ணினார், கழிப்பறையில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார், கறை எடுக்கிற பெண்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஐயா எல்லோர் முன்னாலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ரோஸ்மேரி முன்வரிசையில் நின்று கை தட்டினார். அந்தப் போட்டோ உங்கள் பைலில் இருக்கிறது, அவர் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் பிற்பாடுதான் பார்த்தேன்.

பிப்ரவரியில், அந்தப் பையர் கேட்டபடி, ரசாயனப் பயிற்சியைக் கூடுதலாக ஒரு முறை புதுப்பிக்கிற கெடு வந்தது. கேன்டீனில் இரண்டு வாரம் அந்த வீடியோ ஓடியது. எல்லோரும் சாப்பிட்டார்கள், பச்சையானார்கள். தெற்கிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் இருபத்திரண்டு பேர் மட்டும் மஞ்சளிலேயே நின்றார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. விசாரித்தால் தவக்காலமாம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை அவர்கள் மதியம் சாப்பிடுவதில்லை. சாப்பிடாதவர் கேன்டீனுக்கு வருவதில்லை. வராதவர் விரல் வைப்பதில்லை. பதினான்கு பயிற்சியையும் யோசித்த நான் நோன்பை யோசிக்கவில்லை. வருடா வருடம் வருகிற நோன்புதான். முந்தைய வருடங்களில் அந்த நாட்களில் எந்தக் கெடுவும் விழாததால் தப்பியிருக்கிறேன்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் விரலை வைத்தார்கள். ரோஸ்மேரி வைக்கவில்லை.

"ரோஸ்மேரியம்மா, நீங்க சாப்புட வேண்டாமுங்க. கைய மட்டும் வெச்சுட்டுப் போயிருங்க" என்றேன்.

"வச்சா சாப்ட்டேன்னுல்லா சார் பதியும். நோம்பு இருந்துக்கிட்டு அப்படி வைக்கலாமா? நீங்க உள்ளபடியே கிளாஸ் எடுங்க சார். எத்தன மணிக்குன்னாலும் வாரேன். அந்தக் கறை மருந்து டிரம்முல இங்கிலீசுல என்னமோ எழுதிருக்கே, அத ஒருக்கா வாசிச்சுச் சொன்னீங்கன்னாகூடப் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பதற்கில்லை, நல்ல கோபம். பதினொரு வருடத்தில் என்னிடம் வகுப்பு எடுங்கள் என்று கேட்ட முதல் ஆள் அவர். நான் வகுப்பு எடுக்கத் துடித்த காலத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பூசி மெழுகிப் பச்சையாக்கி முடித்த பிறகு, சாப்பிடாமல் ஒருத்தி வந்து நின்று டிரம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள். டிரம்மில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். வாசிக்க இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அன்று சாயங்காலம் சிஸ்டத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். கெடு நாள் மாலை ஆறு மணிவரை ஒருவர் முடிக்காவிட்டால், ஆறு மணிக்கு சிஸ்டமே முடித்துக்கொள்ளும். இனி யாரும் சாப்பிடத் தேவையில்லை, விரல் வைக்கத் தேவையில்லை. ரோஸ்மேரியின் நோன்பைக் கலைக்காமல் ஒரு வழி செய்தேன் என்றே அப்போது நினைத்தேன். அவர் மதத்துக்கு நான் கொடுத்த மரியாதை என்றும் சொல்லலாம்.

மார்ச் நடுவில் ரோஸ்மேரி மறுபடி என் மேஜைக்கு வந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், கிளாஸே வைக்கல, பாஸ்னு மெசேஜ் வந்துருக்கு. அது கெடக்கட்டும். எனக்குத் தல சுத்துது சார். பொழுது சாய்ஞ்சா வாந்தி வருது. செக்கிங் டேபிளுக்கு மாத்தி விடுங்களேன், புண்ணியமாப் போவும்."

நான் அவர் கண்களைப் பார்த்தேன். வெள்ளை விழி வெள்ளையாக இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எண் எனக்கு ஞாபகம் வந்தது. மறந்திருந்தேன் என்று உங்களிடம் சொன்னால் ஒருவேளை நம்புவீர்கள். ஞாபகம் இருந்தது. ஆனால் அவரை மாற்றினால் அவர் இடத்துக்கு வருகிறவருக்குப் புதிதாகப் பெயர் பதிய வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், மாற்றியதற்குக் காரணம் எழுத வேண்டும். கோடைக்கால ஷிப்மென்ட் நேரம் அது.

"நோம்பு இருக்கறீங்களே, அதானுங்க" என்றேன். "எங்கம்மா சஷ்டி விரதம் இருக்கறப்ப ஆறு நாளும் இதே மாதிரிதானுங்க, எந்திரிச்சு நிக்க முடியாது. ஈஸ்டர் முடிஞ்சு வயித்துக்குச் சாப்பிட்டீங்கன்னா செரியாப் போயிருமுங்க. அதுவரைக்கும் இளநி குடிங்க."

என் அம்மா சஷ்டி விரதம் இருப்பது உண்மை. தலை சுற்றுவதும் உண்மை. ரோஸ்மேரி கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். நோன்பைத் தாங்க முடியவில்லை என்று வெளியே தெரிந்துவிட்டதே என்ற வெட்கம். நன்றி சொல்லிவிட்டு அதே அறைக்குத் திரும்பிப் போனார்.

முதலுதவி அறை நர்ஸ் கீதாஞ்சலியை நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். அவள் நல்லவள். அடுத்த வாரமே என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், ரோஸ்மேரிக்கா கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. ரத்தம் ஒருக்கா எடுத்துப் பாத்துரலாமுங்களா?"

"ஜனவரியில எடுத்ததுதானுங்களே. ஸ்கிரீன்ல பாருங்க" என்றேன். பார்த்தாள். முப்பத்து மூன்று. வெளி லேப். பச்சை. அவள் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். ரோஸ்மேரியைக் கூப்பிட்டு, உங்கள் ரத்தம் நன்றாக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று அவளே சொல்லி அனுப்பினாள். ரோஸ்மேரி தானாகக் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து குடித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஈஸ்டருக்கு அப்புறம் சரியாகிவிடும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாராம்.

குருத்தோலை ஞாயிறு பவனியில் நடந்திருக்கிறார். புதன்கிழமை பதினோரு மணிக்குக் கறை அறையில் விழுந்தார். துப்பாக்கி கையில் அப்படியே இருந்தது, ராமாயிதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், ரசாயன வேலையா, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று ராபினிடம் கேட்டிருக்கிறார். ராபின் மனைவியின் போனை எடுத்துக் காட்டியிருக்கிறார். அதில் எங்கள் கம்பெனி மெசேஜ் இருந்தது: ஜனவரி, மருத்துவத் தகுதி நலம். அப்படியானால் இது வேலையால் வந்ததில்லை, புதிதாக ஏதோ தொற்று என்று இரண்டு நாள் வேறு பக்கம் தேடியிருக்கிறார்கள். அந்த மெசேஜை சிஸ்டம் தானாகத்தான் அனுப்பியது. ஈஸ்டருக்கு மறுநாள் ரோஸ்மேரி இறந்தார்.

கம்பெனி சார்பில் நான் மாலை கொண்டு போனேன். கல்லறையில் ராபின் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோம்பு முடிஞ்சா சரியாயிரும்னு சார் சொல்லிருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா சார்" என்றார்.

நானும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

அதன்பின் நான் செய்த ஒரே தவறு, அவர் பெயரை நீக்காமல் விட்டது. நீக்க வேண்டுமானால் காரணம் கேட்கும். ராஜினாமா, ஓய்வு, மரணம் என்று மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். மரணத்தைத் தொட்டால் அந்த நொடியே பையருக்கு மெயில் போகும், விசாரணைக்கு ஆள் வருவார். அந்த விதியும் நான் வைத்ததுதான். ராஜினாமாவைத் தொட்டிருக்கலாம். ஆனால் அது பொய்யாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் எதையும் தொடவில்லை. ரோஸ்மேரி வேலையில் இருப்பவராகவே இருந்தார், பச்சையாக இருந்தார்.

ஜூலையில் அடுத்த புதுப்பித்தல் வந்தது. சிஸ்டம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அவர் பெயரைப் பதிந்தது. பதினைந்து நாள் முன்னால், ஏழு நாள் முன்னால், முந்தின நாள் என்று மூன்று முறை நினைவூட்டியது. கெடு நாள் மாலை ஆறு மணிக்கு முடித்துக்கொண்டது. ரத்தத்தையும் புதுப்பித்தது.

மறுநாள் காலை ஷிப்ட் உள்ளே போகும் நேரம். ராபின் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரோஸ்மேரியின் போனை நீட்டினார்.

"சார், கம்பெனிலருந்து மெசேஜ் வந்துருக்கு. வாசிச்சுச் சொல்லுங்க. நான் வாசிச்சது சரிதானான்னு பாக்கணும்."

சுற்றிலும் ஆட்கள் விரல் வைத்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாசித்தேன். அன்புள்ள ரோஸ்மேரி, வாழ்த்துகள். ரசாயனப் பாதுகாப்புப் பயிற்சியில் நீங்கள் ஐந்துக்கு ஐந்து பெற்றுத் தேர்ச்சி அடைந்துள்ளீர்கள். மருத்துவத் தகுதி: நலம். ஆரோக்கியமாக இருங்கள். அந்தக் கடைசி வரியை நான்தான் எழுதியிருந்தேன். பொதுவாக எல்லோருக்கும் போவது.

"ஏப்ரல்ல அடக்கம் பண்ணுனோம்" என்றார் ராபின். "நீங்களும் வந்து மண்ணு போட்டீங்க."

சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. போனைத் திரும்ப வாங்கித் தன் சட்டையில் துடைத்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"அப்ப ஜனவரில வந்ததும் இதே மாதிரிதானா சார்?"

பதினொரு வருடத்தில் எத்தனையோ ஆடிட்டர்களைப் பார்த்திருக்கிறேன். கோட் போட்டவர்கள், வெளிநாட்டில் படித்தவர்கள், கண்ணில் விரல் விட்டு ஆட்டுவதாகப் பெயர் எடுத்தவர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. நான் ஆமாங்க என்றேன். அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. ராபின் அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தார்.

முதலாளிக்குத் தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம். ஒரு தனி ஊழியரின் தவறு என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பதைக் காட்டினீர்கள். என் பெயரைக்கூடச் சரியாகத்தான் எழுதியிருந்தார். பொன்னாடை போர்த்திய கைதான் அதை எழுதியது. என் மேஜையில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாராம். அவருக்கு வேலை அதிகம் இருக்காது. நான் இல்லாமல் ஓடும்படிதான் அதைச் செய்தேன்.

கொன்றாயா என்று கேட்டீர்கள். நான் அந்த அறைக்குள் போனதே மூன்று முறைதான். ஒரு எண்ணை மாற்றினேன், ஒரு விதியை மாற்றினேன், வந்து கேட்டவரிடம் என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். இவை மூன்றும் சேர்ந்தால் அந்தச் சொல் வருகிறது என்றால், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் கையெழுத்தைத்தான் போடுவேன். ஆனால் நான் இதை எனக்காகச் செய்யவில்லை. ஒரு பையர் போய்விட்டால் ஆயிரத்து நூற்று நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும். ஒருவரைப் பார்த்தால் மற்றவர்களைப் பார்க்க முடியாது. இதை யாராவது ஒருவர் புரிந்துகொண்டால் போதும்.

நீங்கள் ரோஸ்மேரியைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். கேட்காததையும் எழுதிவிடுகிறேன், அருள்செல்வன் மறைத்தான் என்று பிற்பாடு பேச்சு வரக் கூடாது. லேபின் மெயிலில் மூன்று பேருடைய தாள்கள் இருந்தன. ராமாயிக்கு நூற்று எழுபத்தாறு, பூங்குழலிக்கு நூற்று நாற்பத்தொன்று. மூன்றையும் ஒரே மூச்சில்தான் மாற்றினேன். இருவரும் இன்று காலை ஷிப்டில் அந்த அறையில்தான் நிற்பார்கள். ரோஸ்மேரி இடத்துக்கு ஆள் போடாததால் அவர் பங்கையும் இவர்களே பார்க்கிறார்கள். கால் வீங்குகிறது என்று போன மாதம் ராமாயி வந்து சொன்னார். வயசாகுதுங்களேம்மா என்று சொல்லி அனுப்பினேன். ஃபேனைப் போடச் சொல்லி நீங்கள் இதற்காக அவசர அவசரமாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை. இருவருக்கும் ஜூலையில் புதுப்பித்தாகிவிட்டது. இருவரும் பச்சைதான். அடுத்த கெடு ஜனவரியில்தான் வருகிறது.